போனில் பிடிஎப், மேசையில் பிரிண்டர்: கம்பி இல்லாமல் அச்செடுக்க யாருக்கு எந்த வழி?

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பின்னேர வகுப்பு நடத்தும் தங்கை ஒருவர் போன மாதம் கேட்டார். "அண்ணா, மாதிரி வினாத்தாள் எல்லாம் போனுக்குத்தான் வருது. பிரிண்டர் லெப்டொப்பில மாட்டியிருக்கு. ஒவ்வொரு தடவையும் கேபிள் தேடி, போனைக் குத்தி, கொப்பி பண்ணி எடுக்கிறதுக்குள்ள பிள்ளைகள் வந்து உட்கார்ந்துடுறாங்க. பேசாம வைஃபை பிரிண்டர் ஒன்னு வாங்கிடவா?"

ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் நண்பரும், தலவாக்கலையில் ஒரு பாடசாலையின் ஆசிரியர் அறையில் இருப்பவர்களும் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். எல்லோருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. யாரையும் புதிய பிரிண்டர் வாங்கச் சொல்லவில்லை. ஏன் என்பதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பலர் தேவையில்லாமல் காசைச் செலவழிக்கிறார்கள்.

தொடங்குமுன் இரண்டு தெளிவுகள். பழைய வழிகாட்டிகள் பல இன்னமும் கூகுள் கிளவுட் பிரிண்டைப் பயன்படுத்தச் சொல்கின்றன. அந்தச் சேவை 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைத் தேட வேண்டாம். அடுத்தது, விண்டோஸ் கணினியில் பிரிண்டரை 'ஷேர்' செய்துவிட்டு, போனில் அது தெரியவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. விண்டோஸின் அந்தப் பகிர்வு மற்ற விண்டோஸ் கணினிகளுக்கானது. போன் தேடுவது வேறு மொழி பேசும் பிரிண்டரை: ஐபோன் என்றால் ஏர்பிரிண்ட், ஆண்ட்ரொய்ட் என்றால் பெரும்பாலும் மோப்ரியா. நீங்கள் செய்தது பிழையில்லை, அந்த வழி போனுக்குத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எல்லாவற்றுக்கும் முன்னால் நெட்வேர்க். போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? ஃபைபரோ 4ஜி ரவுட்டரோ இருக்கும் வீட்டில் இது கேள்வியே இல்லை. ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல், அந்தப் பக்கம் திரும்பினால் இல்லை என்ற நிலையில் இருக்கும் தோட்டங்களில் இணையம் என்றாலே போன் டேட்டாதான். அவர்களாலும் ஒரே நெட்வேர்க்கை உண்டாக்க முடியும். ஆண்ட்ரொய்ட் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு லெப்டொப்பை அதில் இணைத்தால், அந்த இரண்டும் ஒரே நெட்வேர்க்கில் வந்துவிடும். அவற்றுக்கிடையே நேரடியாகப் போகும் கோப்பு உங்கள் டேட்டாவிலிருந்து ஒரு எம்பிகூட எடுக்காது. சிக்னல் இல்லாத நேரத்திலும் போகும். ஹொட்ஸ்பொட் என்றாலே டேட்டா தீர்ந்துவிடும் என்று பயந்து பலர் இதை முயன்றே பார்ப்பதில்லை.

அந்தப் பயத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. லெப்டொப் இணையம் கிடைத்தவுடன் விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கும். எனக்கே ஒரு மாத டேட்டா ஒரே பின்னேரத்தில் போயிருக்கிறது. விண்டோஸின் வைஃபை அமைப்பில் அந்த ஹொட்ஸ்பொட்டை 'மீட்டர்ட் கனெக்ஷன்' (அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹொட்ஸ்பொட்டைப் போடும் நேரத்தில் போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள்.

அடுத்ததாக, எத்தனை பேர் அச்செடுக்கப் போகிறார்கள், கட்டளையைக் கொடுப்பது யார். தனி ஆளுக்கும் பதினைந்து ஆசிரியர்களுக்கும் ஒரே வழி பொருந்தாது. பிறகு, யாருடைய காகிதம் அது? வினாத்தாள் என்றால் யார் பார்த்தாலும் பரவாயில்லை. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதிப் படிவம் என்றால் அது இன்னொருவரின் வாழ்க்கை. கணினியில் அது எங்கே தங்குகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். கடைசியாக, கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் அந்த ஏற்பாடு தானாக எழுந்து நிற்குமா என்பது.

| வழி | ஒரே நெட்வேர்க் வேண்டுமா | டேட்டா | கட்டளை எங்கிருந்து | யாருக்கு |
|---|---|---|---|---|
| வாட்ஸ்அப் வழியாகக் கணினிக்கு | வேண்டாம் | செலவாகும் | கணினி | தூரத்திலிருந்து அனுப்புவோருக்கு |
| லோக்கல்சென்ட், குவிக் ஷேர் (கோப்பை நேராகக் கணினிக்குத் தள்ளும் செயலிகள்) | வேண்டும் (குவிக் ஷேருக்கு புளூடூத்தும் வைஃபையும்) | செலவில்லை | கணினி | தனி ஆள், சிறு கடை |
| கணினியையே பிரிண்ட் சேர்வராக்குவது (போனுக்கும் பிரிண்டருக்கும் நடுவில் நிறுத்துவது) | வேண்டும் | செலவில்லை | போன் | பலர் பயன்படுத்தும் இடம் |
| வைஃபை பிரிண்டர் | வேண்டும், அல்லது வைஃபை டிரெக்ட் (ரவுட்டர் இல்லாத நேர் இணைப்பு) | செலவில்லை | போன் | பழைய பிரிண்டர் ஓய்ந்தவர்களுக்கு |

## வாட்ஸ்அப்: எல்லோருக்கும் தெரிந்த வழி

கணினியில் வாட்ஸ்அப்பை இணைத்து, போனுக்கு வந்த பிடிஎப்பை அங்கே திறந்து அச்செடுப்பது. புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய பலம். அனுப்புபவர் பக்கத்தில் இல்லாதபோது இதைவிட நல்ல வழி இல்லை. கொழும்பில் வேலை செய்யும் மகன் ஹப்புத்தளையில் இருக்கும் அப்பாவின் படிவத்தை நிரப்பி அனுப்பலாம். அப்பா கடைக்குப் போகுமுன் தாள் தயாராக இருக்கும்.

டேட்டாக் கணக்கைப் பார்ப்போம். ஸ்கேன் செய்த வினாத்தாள் ஒன்று 20 எம்பி என்று வையுங்கள். குழுவில் வந்ததை முதலில் போன் இறக்குகிறது, பிறகு கணினி இன்னொரு தடவை இறக்குகிறது. கணினி ஓடுவதும் அதே போனின் ஹொட்ஸ்பொட்டில் என்றால் மொத்தம் 40 எம்பி. வாரத்துக்குப் பத்து வினாத்தாள் எடுக்கும் வகுப்பில் இது மாதத்துக்கு 1.6 ஜிபி, அதில் பாதி வீண். சமூக ஊடகப் பெக்கேஜ் போட்டிருப்பவர்களுக்கு இது உறைக்காது, மற்றவர்களுக்கு உறைக்கும்.

டேட்டாவைவிட என்னை அதிகம் உறுத்துவது கடைக் கணினிகள்தான். ஒரு டவுனில், பெயர் வேண்டாம், ஒரு கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் தற்செயலாகப் பார்த்தேன். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், கையெழுத்திட்ட கடன் படிவங்கள் என்று வரிசையாகக் கிடந்தன. கடைக்காரர் நல்ல மனிதர், அழிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நம் சனங்கள் நம்பிக் கொடுக்கிற காகிதம் அது. கடையில் இந்த வழியைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் சொந்த எண்ணை விட்டுவிட்டு கடைக்கென்று தனி எண் வையுங்கள். புதிய உரையாடல்களுக்கு 24 மணி நேரத்தில் மறையும் அமைப்பைப் போடுங்கள். ஆனால் இறக்கிவைத்த கோப்பு அதோடு மறையாது, அதனால் கடை பூட்டுமுன் டவுன்லோட்ஸைக் காலி செய்வதைத் தினசரி வேலையாக்குங்கள், ரிசைக்கிள் பின்னையும் சேர்த்து.

வாடிக்கையாளராகப் போகிறவர்களுக்கும் ஒன்று. கடைக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பை இணைத்திருந்தால், வெளியே வந்ததும் போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதியைத் திறந்து அதை நீக்குங்கள். நீக்காவிட்டால் உங்கள் உரையாடல் அவ்வளவும் அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

## லோக்கல்சென்ட், குவிக் ஷேர்: கைமாற்றிக் கொடுப்பது

என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான். போனிலிருந்து கணினிக்குக் கோப்பை நேராகத் தள்ளிவிட்டு, கணினியில் திறந்து அச்செடுப்பது. இணையம் வழியாக எதுவும் போவதில்லை.

குவிக் ஷேர் கூகுளுடையது. 2023இல் நியர்பை ஷேர் என்ற பெயரில் விண்டோஸுக்கு வந்து, 2024இல் சாம்சுங்கின் குவிக் ஷேருடன் ஒன்றானது. பெரும்பாலான ஆண்ட்ரொய்ட் போன்களில் ஏற்கனவே இருக்கிறது, கணினியில் மட்டும் நிறுவினால் போதும். ஆனால் கணினியில் புளூடூத்தும் வைஃபையும் இருக்க வேண்டும். கொமியூனிகேஷன் கடைகளில் இருக்கும் பழைய டெஸ்க்டொப்புகளில் இரண்டுமே இருக்காது.

லோக்கல்சென்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இலவசம், விளம்பரம் இல்லை, ஆண்ட்ரொய்ட், ஐபோன், விண்டோஸ், மெக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். கணினி கேபிளில் ரவுட்டருடன் இணைந்திருந்தாலும் சரி, போன் அதே ரவுட்டரின் வைஃபையில் இருந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். நிறுவியவுடன் அது தானாக ஒரு விளையாட்டுப் பெயரை வைத்துக்கொள்ளும். 'வகுப்பு லெப்டொப்' என்று மாற்றிவிடுங்கள், அனுப்புகிறவர் குழம்ப மாட்டார். போனில் பிடிஎப்பைத் திறந்து, பகிர் என்பதை அழுத்தி, லோக்கல்சென்டைத் தேர்ந்து, கணினியின் பெயரைத் தொட்டால் 20 எம்பி கோப்பும் சில விநாடிகளில் போய்விடும்.

கணினி தெரியவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம். விண்டோஸ் அந்த வைஃபையை 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டு வழியை அடைத்திருக்கும், 'பிரைவேட்' ஆக்குங்கள். அல்லது கணினியின் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வோல் அனுமதி கேட்டபோது யாரோ வேண்டாம் என்று அழுத்தியிருப்பார்கள். அல்லது போன் ரவுட்டரின் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கும். அதில் இணைந்தவை ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுக்கப்பட்டிருக்கும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு நேரம்தான். ஒவ்வொரு கோப்புக்கும் ஒருவர் கணினி முன் இருந்து அச்சுக் கட்டளை கொடுக்க வேண்டும். தனி ஆளுக்கு அது ஒரு குறையே இல்லை, நன்மை என்றே சொல்வேன். பெரிய திரையில் பார்த்து, தேவையான பக்கத்தை மட்டும் எடுத்து, ஒரு தாளில் இரண்டு பக்கம் போட்டு காகிதத்தை மிச்சப்படுத்தலாம். 2022இல் காகிதமே கிடைக்காமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்த காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் வகுப்புகளில் ஒவ்வொரு தாளுக்கும் மதிப்பு உண்டு.

கடையில் வைப்பவர்கள் 'குவிக் சேவ்' என்ற தானாக ஏற்கும் அமைப்பை நிறுத்தியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வைஃபையில் இருக்கும் எவரும் எதையும் கணினிக்குள் போடலாம்.

## கணினியை பிரிண்ட் சேர்வராக்குவது

பிரிண்டர் பழையது, யூஎஸ்பி கேபிள் மட்டும்தான், ஆனால் போனிலிருந்தே 'பிரிண்ட்' அழுத்த வேண்டும் என்றால் நடுவில் கணினி மொழிபெயர்ப்பாளராக நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மென்பொருட்களில் நான் சொல்வது பேப்பர்கட் நிறுவனத்தின் மொபிலிட்டி பிரிண்ட். இலவசம். விண்டோஸ் கணினியில் நிறுவி, எந்தப் பிரிண்டரைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்துவிட்டால், அதே நெட்வேர்க்கில் இருக்கும் ஐபோன் அதைத் தானாகக் காணும். ஆண்ட்ரொய்டுக்கு அவர்களுடைய செயலி ஒன்றைப் போட வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது, அச்செடுப்பது கணினியில் ஏற்கனவே இருக்கும் டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், என்பது. போன் என்ற பேச்சே இல்லாத காலத்தில் வந்த லேசர் பிரிண்டரும் போனிலிருந்து அச்செடுக்கும். தலவாக்கலை ஆசிரியர் அறைக்கு இதைத்தான் சொன்னேன். அங்கே ஒரு டெஸ்க்டொப், ஒரு லேசர், நிறைய போன்கள். இடைவேளையில் எல்லோரும் ஒரு கணினி முன் வரிசையில் நிற்கும் நிலைமை மாறிவிட்டது.

ஆனால் இதற்குப் பராமரிப்பு உண்டு. கணினி விழித்திருக்க வேண்டும். தூங்கினால் பிரிண்டரும் காணாமல் போகும். மின் அமைப்பில் தூக்கத்தை நிறுத்த வேண்டும், அதற்கான மின்சாரச் செலவு மாதா மாதம் பில்லில் வரும். ரவுட்டர் அணைந்து வந்தால் கணினியின் ஐபி முகவரி (நெட்வேர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) மாறி, போன்களில் பிரிண்டர் 'ஓப்லைன்' என்று காட்டலாம். ரவுட்டரின் அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவைத்தால் இது திரும்ப வராது. அப்புறம், யார் எத்தனை தாள் எடுத்தார்கள் என்ற சச்சரவு. போனிலிருந்து எடுப்பது சுலபமானவுடன் தாள் செலவு ஏறும். பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு எழுதவைப்பதே எளிது.

லினக்ஸ் தெரிந்தவர் யாராவது இருந்தால், மூலையில் கிடக்கும் பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்டு, கப்ஸ் என்ற அச்சு அமைப்பின் பகிர்வைத் திறந்துவிட்டால் போன்கள் தனிச் செயலி இல்லாமலே பிரிண்டரைக் காணும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலும் செய்யலாம், மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் அமைத்துக் கொடுத்தவர் ஊரை விட்டுப் போனால் பழுதானபோது பார்க்க ஆள் இருக்க மாட்டார். பாடசாலைக்கு நான் இதைச் சொல்லவில்லை, காரணம் அதுதான்.

## வைஃபை பிரிண்டர்

கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு. ஆண்ட்ரொய்ட் 8க்குப் பிறகு வந்த போன்களில் அடிப்படை அச்சுச் சேவை உள்ளேயே இருக்கிறது. ஐபோனில் ஏர்பிரிண்ட் 2010இலிருந்தே உண்டு. மோப்ரியா அல்லது ஏர்பிரிண்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் பிரிண்டர் என்றால் இணைத்தவுடன் தெரியும். வைஃபை இருக்கிறது என்பதற்காக இந்த இரண்டும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலவற்றுக்குத் தயாரிப்பாளரின் செயலி மட்டுமே வழி.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையில் வைஃபை உள்ளதை வாங்குவது நல்லது. எப்சன் எல்3110, எல்3150 இரண்டும் ஏறக்குறைய ஒரே இயந்திரம், ஒரே 003 மை போத்தல். முன்னதில் வைஃபை இல்லை, பின்னதில் உண்டு. அந்த வித்தியாசத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வேலை செய்யும் பிரிண்டரை ஓரங்கட்டிவிட்டு வாங்குவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

ரவுட்டர் இல்லாத வீட்டில் வைஃபை டிரெக்ட் உதவும்: போன் நேராகப் பிரிண்டருடன் இணையும். ஹொட்ஸ்பொட்டில் இணைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விலையில் வரும் பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். போனின் ஹொட்ஸ்பொட் 5 கிகாஹேர்ட்ஸில் இருந்தால் பிரிண்டருக்கு அது கண்ணிலேயே படாது.

## எந்த வழியானாலும்

பாமினி எழுத்துரு: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய வகை. நம் நாட்டில் பாடசாலை வினாத்தாள்கள் இன்னமும் பாமினியில் தட்டச்சாகின்றன. அந்த வேர்ட் கோப்பைப் போனில் திறந்து அங்கேயே பிடிஎப் ஆக்கினால், போனில் பாமினி இல்லாததால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். தட்டச்சு செய்த கணினியிலேயே பிடிஎப் ஆக்கித் தரச் சொல்லுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும். முடியாவிட்டால் வேர்ட் கோப்பை அப்படியே பாமினி உள்ள கணினிக்கு அனுப்புங்கள். வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டமான அனுபவம்.

தாள் அளவு 'லெட்டர்' என்று இருந்தால் ஏ4 ஆக்குங்கள், கீழ் வரி வெட்டுப்படுவது நிற்கும். அரசாங்கப் படிவங்களை 'அக்சுவல் சைஸ்' வைத்து எடுங்கள், கட்டங்கள் சுருங்காது.

பனியும் ஈரமும் உள்ள நம் பக்கத்தில் திறந்து வைத்த காகிதக் கட்டு இரண்டு மூன்று நாளில் நமுத்துவிடும். பிறகு இரண்டிரண்டாக இழுக்கும், லேசரில் சுருளும். தேவையான அளவை மட்டும் எடுத்து மிச்சத்தைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்குமுன் பிரிண்டர், ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள். லேசர் பிரிண்டரைச் சிறிய யூபிஎஸ்ஸில் மாட்ட வேண்டாம். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது.

பொகவந்தலாவைத் தங்கை இப்போது லோக்கல்சென்டில் அனுப்புகிறார். போனில் ஹொட்ஸ்பொட், டேட்டா நிறுத்தம், லெப்டொப்பில் பழைய பிரிண்டர். வரும் வருடம் கணிதத்துக்கு இன்னொருவர் சேரப்போகிறாராம். அவரும் அதே ஹொட்ஸ்பொட்டில் இணைந்தால் போதும். மூன்றாவது ஆள் வரும்போது மொபிலிட்டி பிரிண்டைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பிரிண்டருக்கென்று ஒதுக்கியிருந்த காசில் அவர் ஒரு பெட்டி ஏ4 தாள் வாங்கிவிட்டார்.